ஸ்டீராய்டுக்கு அடுத்து எந்த மருந்து? யுவியைட்டிஸில் வெள்ளையணுக்கள் மடியும் விதமும் மலைவாழ் நோயாளியின் தேர்வும்

கோத்தகிரி, குன்னூர், உதகை, கூடலூர் பகுதிகளிலிருந்து யுவியைட்டிஸ் என்னும் கண் உள்ளழற்சிக்காகக் கோயம்புத்தூருக்கு இறங்கிச் சென்று வருவோர் பலரும் சிகிச்சையின் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியைச் சந்திக்கிறார்கள். பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை அதிக அளவில் இருக்கும்வரை பார்வை தெளிவாக இருக்கிறது. பத்து மில்லிகிராமுக்குக் கீழே இறக்கினால் மங்கலும், கண் முன் பூச்சி பறப்பதும் திரும்பி வருகின்றன. இப்படி இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிய பிறகு, ஸ்டீராய்டின் அளவைக் குறைப்பதற்காக இன்னொரு மருந்தைச் சேர்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். எதைச் சேர்ப்பது என்பதில் நோயாளியின் கருத்தையும் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு விடை தேடுபவருக்காக இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது. மருந்துகளை வலிமை வாரியாக வரிசைப்படுத்துவதால் பெரும் பயன் இல்லை என்பது என் கருத்து. கண்ணுக்குள் வந்து சேர்ந்த வெள்ளையணுக்களை ஒவ்வொரு மருந்தும் என்ன செய்கிறது, அவற்றை மடியச் செய்கிறதா, பெருகவிடாமல் தடுக்கிறதா, அவற்றின் பேச்சை மட்டும் நிறுத்துகிறதா என்று பார்த்தால், அந்த மருந்து எவ்வளவு காலத்தில் வேலை செய்யும், எதற்காக ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், நிறுத்தினால் என்ன திரும்பி வரும் என்பவை பெரும்பாலும் அதிலிருந்தே விளங்கிவிடுகின்றன.

தொடங்கும் முன் ஒரு நிபந்தனை. இங்கே பேசப்படுவது கிருமித்தொற்றால் வராத யுவியைட்டிஸ் மட்டுமே. காசநோய், சிபிலிஸ், டாக்சோபிளாஸ்மா போன்றவை நம் நாட்டில் இதே தோற்றத்தில் வரக்கூடியவை. 1993 வெள்ளத்துக்குப் பிறகு மதுரைப் பகுதியில் எலிக்காய்ச்சல் கிருமியால் பலருக்கு யுவியைட்டிஸ் வந்ததை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தொற்று இல்லை என்று உறுதியாகாமல் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தைத் தொடங்குவது, கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவதில் முடியும்.

கண்ணின் இயல்பான ஏற்பாடு இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படையாக இருப்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்பின் மற்றப் பல இடங்களில் அழற்சி வந்து வடுவோடு ஆறினால் பெரிய இழப்பில்லை. விழித்திரையில் ஒரு சிறு வடுவே வாசிக்கும் திறனைப் பறித்துவிடும். இதனால் கண், தனக்குள் நுழையும் வெள்ளையணுக்களை நீண்ட நேரம் உயிரோடு விட்டுவைப்பதில்லை. கருவிழியின் உட்புறம், கருந்திரை, விழித்திரையின் நிறமிப் படலம் ஆகியவற்றின் செல்கள் தம் மேற்பரப்பில் ஃபாஸ் லிகண்ட் என்னும் புரதத்தைத் தாங்கி நிற்கின்றன. டி செல் என்பது நோயெதிர்ப்பை நடத்தும் ஒருவகை வெள்ளையணு. கிளர்ச்சியுற்ற டி செல்லின் மேலுள்ள ஃபாஸ் ஏற்பியில் அந்தப் புரதம் பட்டதும், கேஸ்பேஸ் என்னும் நொதிகள் வரிசையாகத் தூண்டப்பட்டு, அந்த டி செல் தன்னைத்தானே சிறு துண்டுகளாகக் கட்டிக்கொண்டு மடிகிறது. 1972-இல் கெர், வில்லி, கரீ ஆகிய மூவரும் விவரித்த செல் தன்மடிவு இதுதான். எலிகளின் கண்ணில் இந்த ஏற்பாடு இருப்பதை 1995-இல் தாமஸ் பெர்குசன் குழுவினர் ‘சயன்ஸ்’ இதழில் காட்டினார்கள்: கண்ணுக்குள் வைரஸைச் செலுத்தியபோது, ஃபாஸ் லிகண்ட் சரியாக இயங்கும் எலிகளில் உள்ளே வந்த அழற்சி செல்கள் மடிந்தன, அந்தப் புரதம் பழுதான எலிகளில் அவை மடியாமல் தங்கி அழற்சி பரவியது.

செல் மடிவதிலும் வகை உண்டு. தன்மடிவில் செல்லின் உறை கிழிவதில்லை. உள்ளே இருக்க வேண்டிய ஒரு கொழுப்பு வெளிப்பக்கம் திரும்பி, தின்று அப்புறப்படுத்தும்படி மேக்ரோபேஜ் செல்லுக்கு அடையாளம் காட்டுகிறது. அப்படித் தின்ற மேக்ரோபேஜ் அழற்சியைத் தணிக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. நெக்ரோப்டோசிஸ், பைரோப்டோசிஸ் என்னும் வகைகளிலோ உறை ஓட்டையாகி உள்ளிருப்பவை வெளியே கொட்டுகின்றன. இன்டர்லூகின் 1 போன்ற அழற்சித் தூண்டிகள் சிந்திப் பக்கத்துச் செல்களையும் கிளப்பிவிடுகின்றன. நியூட்ரோபில் என்னும் வெள்ளையணு தன் டிஎன்ஏ-வையே வலையாக வெளியே வீசி மடிவதும் உண்டு. ரத்தக்குழாய்களில் அழற்சி வந்து வாய், கண் முதலியவற்றைத் தாக்கும் பெசெட் நோயில் நியூட்ரோபில்கள் அளவுக்கு மீறிக் கிளர்ந்திருப்பதும், அவ்வகை வலைகள் மிகுதியாக உருவாவதும் கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே ‘கெட்ட செல்லைக் கொன்றால் போதும்’ என்பது பாதி உண்மைதான். அது சத்தமில்லாமல் மடிய வேண்டும். மடிந்ததை அள்ளிப்போட ஆளும் இருக்க வேண்டும்.

மருத்துவர் பிளவு விளக்கு (slit lamp) என்னும் நுண்ணோக்கியில் பார்க்கும்போது காண்பது இந்தச் செல்களைத்தான். கண்ணின் முன் அறையில் ஒரு மில்லிமீட்டர் அகலமும் நீளமும் கொண்ட ஒளிக்கற்றையைப் பாய்ச்சினால், தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் தளத்தின் சன்னல் வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பதுபோல வெள்ளையணுக்கள் மெல்ல ஏறி இறங்குவது தெரியும். அவற்றை எண்ணித்தான் தரம் போடுகிறார்கள்: ஒன்று முதல் ஐந்து வரை அரை, ஆறு முதல் பதினைந்து வரை ஒன்று, பதினாறு முதல் இருபத்தைந்து வரை இரண்டு, ஐம்பது வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. அங்கே மிதக்கும் செல் சுறுசுறுப்பாக இருக்கிறதா, மடியும் தறுவாயில் இருக்கிறதா என்பதை இந்த எண்ணிக்கை சொல்வதில்லை. மருந்து தொடங்கிய இரண்டாவது வாரத்தில் எண்ணிக்கை குறையவில்லை என்பதற்காகக் கலங்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஒவ்வொரு வழியாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வழி, புதிதாக எதையும் சேர்க்காமல் ஸ்டீராய்டையே தொடர்வது. வேகத்தில் இதற்கு இணையில்லை. ஸ்டீராய்டு, டி செல்லுக்குள் பிம் போன்ற மரணத் தூண்டல் புரதங்களைப் பெருக்கித் தன்மடிவுக்குத் தள்ளுகிறது. சில நாட்களிலேயே பலன் தெரிகிறது. ஆனால் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று, இதே மருந்து நியூட்ரோபிலின் ஆயுளை நீட்டுகிறது. எல்லா வெள்ளையணுவும் இதற்கு ஒரேபோல அடங்குவதில்லை. மற்றொன்று, நீண்ட கால நோயில் ஸ்டீராய்டுக்கு அசைந்து கொடுக்காத டி செல்கள் எஞ்சியிருக்கின்றன. அளவைக் குறைத்ததும் நோயை மீண்டும் எழுப்புவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரை, எலும்புத் தேய்வு, கண்புரை, கண் அழுத்தம் எல்லாம் சேர்ந்துகொள்ளும் என்பதால், மூன்று மாதத்துக்குள் நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கொண்டுவர முடியாத நோயாளிக்கு இது ஒரு வழியே இல்லை என்பேன். தேயிலைத் தோட்டங்களில் வெறுங்காலோடு நின்று வேலை செய்தவர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை: மண்ணிலிருந்து தோல் வழியே ஏறும் ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் புழு உடலில் இருந்தால், அதிக ஸ்டீராய்டில் அது உயிருக்கே ஆபத்தாகப் பெருகக்கூடும், முன்கூட்டியே சொன்னால் பரிசோதித்து மருந்து கொடுத்துவிடலாம். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பதால், மண்சரிவில் சாலை அடைபடும் மாதங்களில் குறைந்தது இரண்டு வாரத்துக்கான மாத்திரையாவது வீட்டில் இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, அதே ஸ்டீராய்டைக் கண்ணுக்குள் மட்டும் வைப்பது. 0.7 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் கொண்ட சிறு குச்சியை ஊசி மூலம் செலுத்தினால் மூன்று முதல் ஆறு மாதம் வரை மருந்து கசிந்துகொண்டிருக்கும். உடம்பின் மற்ற பகுதிகள் தப்புகின்றன. ஒரு கண்ணில் மட்டும் நோய், அதிலும் விழித்திரை மையத்தில் நீர் கோத்திருப்பவருக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் உடம்பில் சுற்றும் செல்களை இது தொடுவதில்லை. மருந்து தீர்ந்ததும் புதிய செல்கள் வந்து சேர்கின்றன. அமெரிக்கா முதலிய நாடுகளில் 255 பேரிடம் நடந்த மஸ்ட் ஆய்வில், அறுவை செய்து பொருத்தும் ஃப்ளூவோசினோலோன் குச்சியையும் மாத்திரைச் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டில் பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2017-இல் வெளியான ஏழு ஆண்டு முடிவிலோ மாத்திரை எடுத்தவர்களின் பார்வை, எழுத்துப் பலகையில் ஏறக்குறைய ஏழு எழுத்து அளவுக்கு மேலாக இருந்தது. கண் அழுத்தத்தை அடிக்கடி பார்த்தாக வேண்டும் என்பதும் மலையிலிருந்து வருபவருக்குச் சுமைதான். குச்சி வைத்த அன்றே மலையேறலாமா என்று சிலர் கேட்பார்கள். குச்சியால் அந்தத் தடை இல்லை. விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பியவர்தான், உயரம் ஏற ஏற வாயு விரிந்து கண் அழுத்தம் கூடும் என்பதால், அது கரையும்வரை மேட்டுப்பாளையத்தைத் தாண்டி ஏறக் கூடாது.

மூன்றாவதான மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். பெரும்பாலானோரின் தேர்வு இதிலோ அடுத்ததிலோதான் முடிகிறது. இது செல்லுக்குள் ஃபோலேட் வழியை அடைத்து, வேகமாகப் பெருகும் செல் டிஎன்ஏ தயாரிக்க முடியாமல் செய்கிறது. கிளர்ச்சியுற்ற டி செல்களைத் தன்மடிவுக்கு ஆளாக்குகிறது. குறைந்த அளவில் அடினோசினை வெளிப்படுத்தி அழற்சியைத் தணிக்கிறது. பெருகிக்கொண்டிருக்கும் செல்லையே முதன்மையாகப் பிடிப்பதால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை ஸ்டீராய்டு தாங்கிப் பிடிக்க வேண்டும். எலும்பு மஜ்ஜையும் குடலும் வாய்த் தோலும் வேகமாகப் பெருகுபவை என்பதால், வாய்ப்புண்ணும் ரத்த அணுக் குறைவும் வரக்கூடியவை. ஃபோலிக் அமிலம் சேர்த்துக் கொடுப்பதன் காரணமும் அதுவே. கல்லீரல் என்சைம், ரத்த அணு எண்ணிக்கை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைத் தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்த்தால் போதும். இந்தப் பரிசோதனைகளுக்கு மலையிறங்க வேண்டியதில்லை. குன்னூரிலோ உதகையிலோ ரத்தம் கொடுத்து, முடிவைக் கோவைக்கு அனுப்பிவிடலாம்.

இந்த மருந்தின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இது வாரத்தில் ஒரே நாள் எடுக்க வேண்டிய மாத்திரை. தினமும் எடுத்துவிட்டால் உயிர் போகலாம். மாத்திரை அட்டையில் கிழமையைப் பேனாவால் எழுதி வைப்பதும், 2.5, 10 மில்லிகிராம் மாத்திரைகள் இரண்டையும் வீட்டில் வைக்காமல் ஒன்றையே வாங்குவதும் நல்லது. மறுநாள் குமட்டல் இருக்கக்கூடும் என்பதால், கொழுந்து பறிக்கப் போகிறவருக்குச் சனிக்கிழமை இரவு ஏற்ற நேரம். இருமலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ அருகிலுள்ள கிளினிக்கில் கோட்ரிமோக்சசோல் என்னும் கிருமிக்கொல்லியை எழுதினால், மெத்தோட்ரெக்சேட் எடுப்பதாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜை நலிந்துவிடும். வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால், பனிக்காலத்து இருமல் என்று மலைக்காரர் வழக்கமாக ஒதுக்குவதுபோல் ஒதுக்கக் கூடாது. அரிதாக இந்த மருந்தே நுரையீரலைப் பாதிக்கிறது. மதுவை விட முடியாதவருக்கும், குழந்தை பெற நினைப்பவருக்கும் இது வேண்டாம்.

அடுத்ததான மைகோபினோலேட், டி செல்லும், எதிர்ப்புரதம் உண்டாக்கும் பி செல் என்னும் வெள்ளையணுவும் பெருகுவதற்குத் தேவையான குவானோசின் தயாரிப்பை அடைக்கிறது. மற்றச் செல்களுக்கு வேறு வழி உண்டு; இவற்றுக்கு அது பெரிதும் இல்லை. எனவே செயல்படும் முறையில் மெத்தோட்ரெக்சேட்டைவிடக் குறிபார்த்துத் தாக்குவதுபோல் தெரியும். அந்த நேர்த்தி சிகிச்சையில் வெளிப்படுகிறதா என்பதற்கு, தமிழ்நாட்டு நோயாளிகளையே கொண்டு விடை கிடைத்திருப்பது நமக்கு வாய்த்த நன்மை. மதுரை, கோயம்புத்தூர் அரவிந்த் மருத்துவமனைகளில் 80 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில் மெத்தோட்ரெக்சேட் 69 சதவீதத்தினருக்கும் மைகோபினோலேட் 47 சதவீதத்தினருக்கும் பலனளித்தது. ஆனால் அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. மதுரை அரவிந்தின் ராதினம் முதன்மை ஆசிரியராக இருந்து 2019-இல் வெளியான ஃபாஸ்ட் ஆய்வு, இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சவுதி அரேபியா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் 216 பேரிடம் நடந்தது. வாரம் 25 மில்லிகிராம் மெத்தோட்ரெக்சேட்டில் 66.7 சதவீதமும், நாள்தோறும் இருவேளை 1.5 கிராம் மைகோபினோலேட்டில் 57.1 சதவீதமும் ஆறு மாதத்தில் வெற்றி கண்டன. இங்கும் மைகோபினோலேட் மேலானது என்று நிறுவப்படவில்லை. நோய் இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பிரித்தபோது, கண்ணின் பின்பகுதியிலோ முழுவதிலுமோ அழற்சி உள்ளவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் தெளிவாக முந்தியது (74.4 எதிர் 55.3). இடைப்பகுதி அழற்சியில் மைகோபினோலேட் முந்துவதுபோல் இருந்தாலும், அந்தப் பிரிவில் இருந்தவர்கள் மிகச் சிலர் என்பதால் அதை நம்பி முடிவெடுக்க நான் தயங்குவேன். மைகோபினோலேட்டின் விலை கூடுதல், தினமும் இருவேளை எடுக்க வேண்டும், வயிற்றுப்போக்கு பொதுவான தொல்லை. கருவுக்கு இதுவும் ஆகாது. கல்லீரல் மெத்தோட்ரெக்சேட்டைத் தாங்காதவருக்கு அடுத்ததாக இதை வைப்பேன்.

அசாதயோபிரின் பழைய மருந்து. டி செல்லுக்குக் கிடைக்கும் ‘வாழ்’ என்னும் சைகையை ‘மடி’ என்று மாற்றிவிடும் தன்மை இதற்கு உண்டென்று 2003-இல் காட்டப்பட்டது. இதன் தனிச்சிறப்பு, கருவுற்றிருக்கும்போதும் தொடரக்கூடிய சிலவற்றில் ஒன்று என்பதே. ஆசிய மக்களில் சிலருக்கு இருக்கும் NUDT15 என்னும் மரபணுவின் மாறுபாட்டால் முதல் சில வாரங்களிலேயே முடி கொட்டி, வெள்ளையணு சரியக்கூடும். தொடக்கத்தில் வாரந்தோறும் ரத்தம் பார்க்க இயலாதவர் எடுக்கக் கூடாது. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதத்துக்கு அலோபியூரினால் என்னும் மருந்தை எடுப்பவரும் அப்படியே. சைக்ளோஸ்போரின் டி செல்லின் கிளர்ச்சியைத் தடுக்கும். ஆனால் கிளர்ச்சியின் முடிவில் அந்தச் செல் இயல்பாக மடிவதையும் சேர்த்துத் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் பாதிப்பதால், முதல் தேர்வுகளில் இன்று அது இல்லை.

எஞ்சியிருப்பது அடலிமுமாப் ஊசி. அழற்சியை நடத்திச் செல்லும் டிஎன்எப் என்னும் மூலக்கூறை இது கட்டிப்போடுகிறது. டிஎன்எப் இருபக்கமும் ஓடும்: ஒரு செல்லுக்கு உயிர் பிழைக்கும் சைகையாகவும், அதே செல்லில் வேறு புரதங்கள் குறைந்தால் மரணச் சைகையாகவும் அமையும். அதைக் கட்டிப்போடும்போது அழற்சி செல்களை அழைக்கும் குரல் அடங்குகிறது. தன் மேற்பரப்பில் டிஎன்எப் தாங்கிய டி செல்லை அடலிமுமாப் தன்மடிவுக்கும் ஆளாக்குகிறது. அதே டிஎன்எப்-ஐக் குறிவைக்கும் எட்டனர்செப்ட் யுவியைட்டிஸில் சோபிக்காமல் போனதற்கு, செல்லின் மேலுள்ள டிஎன்எப்-ஐ அது வேறு விதமாகப் பற்றுவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 2016-இல் வெளியான விஷுவல் 1 ஆய்வில், எல்லோருக்கும் ஸ்டீராய்டு கொடுத்துப் படிப்படியாக நிறுத்தியபோது, நோய் திரும்பும் இடைநிலைக் காலம் மருந்தில்லாத வெற்று ஊசியில் 13 வாரமும் அடலிமுமாப்பில் 24 வாரமுமாக இருந்தது. கருவுற நினைப்பவரும் மருத்துவரின் மேற்பார்வையில் இதைத் தொடரலாம்.

இதற்கான விலையைப் பணத்தால் மட்டும் கணக்கிட முடியாது. இந்திய நிறுவனத் தயாரிப்பு 2014 முதல் கிடைத்தும், மெத்தோட்ரெக்சேட்டோடு ஒப்பிடுகையில் பலமடங்கு கூடுதல். காசநோய்க் கிருமியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் சுவரை எழுப்புவதும் டிஎன்எப்தான். அதைத் தடுத்தால் உறங்கும் கிருமி விழித்துக்கொள்ளும். ஆகவே தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரே, காசநோய் ரத்தப் பரிசோதனை அல்லது தோல் பரிசோதனை, மஞ்சள் காமாலை பி பரிசோதனை கட்டாயம். உறங்கும் கிருமி இருந்தால் தடுப்பு மருந்தைக் குறைந்தது ஒரு மாதம் எடுத்த பிறகே ஊசி. நரம்பு உறை சிதையும் நோயை இது மோசமாக்கக்கூடும். இடைப்பகுதி யுவியைட்டிஸ் சிலருக்கு அந்த நோயோடு சேர்ந்தே வருவதால், கைகால் மரப்பு இருப்பவர் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. தொடக்கத்தில் 80 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து 40, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை 40 என்பது முறை. மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் மின்சாரம் போகும் ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) இது பெரிய கேள்வி. சில தயாரிப்புகள் 25 டிகிரிக்குக் கீழ் இரண்டு வாரம் வரை தாங்கும் என்று பெட்டித்தாளில் போட்டிருக்கும். வெளியே பெரும்பாலும் அதற்கும் குளிரான உதகைக்காரருக்கு அது ஒரு வசதி. ஆனால் உறைந்தால் மருந்து வீண். ஜனவரி உறைபனி இரவில், ‘வெளியிலேயே ஃப்ரிட்ஜ்தானே’ என்று திண்ணையில் வைத்தால் மறுநாள் அந்த ஊசியைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

என் முடிவைச் சொல்கிறேன். பின்பகுதி அல்லது முழு யுவியைட்டிஸ், கல்லீரல் நல்ல நிலை, கருவுறும் எண்ணம் இல்லை என்ற நிலையில் மெத்தோட்ரெக்சேட்டோடு தொடங்குவதற்கு எதிராக வலுவான காரணம் எதையும் நான் காணவில்லை. முழு அளவில் மூன்று முதல் ஆறு மாதம் கொடுத்தும் ஸ்டீராய்டு 7.5-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், மைகோபினோலேட்டுக்கு மாறி இன்னொரு ஆறு மாதத்தைக் கழிப்பதைவிட, மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தாமல் அடலிமுமாப்பைச் சேர்ப்பதையே, செலவுக்கு வழியிருந்தால், பரிந்துரைப்பேன். ஊசிக்கு எதிராக உடம்பு எதிர்ப்புரதம் உண்டாக்குவதையும் மெத்தோட்ரெக்சேட் குறைக்கிறது. பெசெட் நோயில் விழித்திரை ரத்தக்குழாய் அடைபடுகிறவருக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே காத்திருக்கும் ஒவ்வொரு தாக்குதலும் மீளாத இழப்பு என்பதால் டிஎன்எப் தடுப்பு முதலிலேயே வர வேண்டும்.

தொடங்கும் மாதத்தையும் யோசிக்கலாம். எந்த மருந்தானாலும் முதல் மூன்று மாதத்தில்தான் ரத்தப் பரிசோதனைகளும் கோவைப் பயணங்களும் நெருக்கமாக வருகின்றன. வடகிழக்குப் பருவமழையில், குறிப்பாக 2009 நவம்பரில் நடந்ததுபோல் மண் சரியும் காலத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஏறும் இரு மலைப்பாதைகளும் ஒருசேர அடைபடலாம். கண் அமைதியாக இருந்து, ஸ்டீராய்டை இன்னும் சில வாரம் தாங்க முடியும் என்று மருத்துவர் ஒப்புக்கொண்டால், அக்டோபருக்குப் பதிலாக ஜனவரியில் தொடங்கலாம். அந்த இடைவெளியில் காசநோய்ப் பரிசோதனைகளை முடித்துவிடலாம். பின்பகுதியில் அழற்சி ஓடிக்கொண்டிருந்தால் மழையைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே தொடங்கி, முதல் மாதத்துக்குத் தேவையான மாத்திரைகளையும் பரிசோதனைச் சீட்டுகளையும் கையோடு வாங்கிக்கொண்டு மலையேற வேண்டும்.